வாடகைக்குத் தகுந்த சாப்பாடு

பதிமூன்று ரூபாய் எழுபது காசு. வீட்டுத் தரகர் கருணாகரன், கைவண்டி இழுக்கிற அய்யாதுரைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அது. பேசின கூலி பதினைந்து. மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு ஒரு குடித்தனத்தையே, அம்மிக்கல்லிலிருந்து கட்டில் கால் வரைக்கும், மூன்று நடை அடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்த கூலி. சாமான் இறக்கி முடித்ததும் கருணாகரன் தோளில் தட்டி, "போய் டீ குடிப்பா" என்று ஒன்று முப்பதைக் கையில் வைத்தார். பெரிய மனசு என்று அய்யாதுரை நினைத்துக்கொண்டான். அந்த டீயும் கூலியில் கழிகிற டீ என்று பிறகுதான் தெரிந்தது.

குடி வந்தவர் வண்டிக்கூலி முழுவதையும் அன்றைக்கே தரகர் கையில் எண்ணி வைத்துவிட்டார். அதை அய்யாதுரை கண்ணால் பார்த்தான். இருந்தும் மூன்று வாரமாக, எப்போது கேட்டாலும் "நாளைக்கு". நாளைக்கு என்று அவர் சொல்கிற அழகைக் கேட்டால் பணம் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அந்த வாரத்து ரேஷன் அரிசி வாங்கக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேஷன் கடைக்காரன் கதவைச் சாத்தினால் அந்த வாரத்து அரிசி போனது போனதுதான். திங்கட்கிழமை போய் அழுது புரண்டாலும் அடுத்த வாரத்து அரிசியைத்தான் நிறுப்பான். வெளிக்கடையில் வாங்கலாம் என்றால் விலை ஒன்றுக்கு இரண்டு. வண்டி ஒழுங்காக இருந்திருந்தால் காலையில் இரண்டு லோடு அடித்து அரிசிப் பணத்தைப் பார்த்திருப்பான். அதுவோ வியாழக்கிழமை லஸ் முனையில் அச்சு முறிந்து, கொல்லன் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கிடந்தது.

"யோவ், கையில இன்னா கீது?" என்று கேட்டாள் அவன் பெண்சாதி தங்கம்.

"மூணு நாப்பது."

"அரிசிக்கு ஏழு வேணும். நான் மூணு மணிக்கெல்லாம் க்யூல போய் நின்னுடுறேன். கடை சாத்தறதுக்குள்ள அந்த புரோக்கரப் புடிச்சி, துட்டோட வா. 'நாளைக்குன்னாரு'ன்னு வந்து நின்னே, ஒரு வாரத்துக்கு உனக்கும் பசங்களுக்கும் அந்த நாளையையே வடிச்சிப் போடுறேன்."

கருணாகரனைப் பிடிப்பது என்றால் லேசில்லை. அவருக்கு ஆபீஸ் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. குடியிருக்கிற இடம் எது என்று ஊருக்கே வீடு பார்த்துக் கொடுக்கிற மனுஷனிடம் கேட்கவும் ஒரு மாதிரியாக இருக்கும். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, ஓட்டல் ஓட்டலாக நடை. அவரைத் தேடுகிறவன் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்.

முதலில் மந்தைவெளி மார்க்கெட் பக்கம் பிளாட்பாரத்தில் இட்லி சுடுகிற முத்தம்மாவிடம் போனான்.

"வந்தாரு நைனா. கூட ரெண்டு பேர இட்டாந்தாரு. ஆளுக்கு ஆறு இட்லி துன்னானுங்க, வயித்துக்கா இல்ல பைக்கான்னு தெரியல. இவரு ஒரு லோட்டா தண்ணி குடிச்சாரு. 'முத்தம்மா, கணக்குல வச்சிக்கோ'ன்னு சொல்லிட்டு மயிலாப்பூர் பக்கமா நடந்துட்டாரு" என்றாள் அவள்.

"எப்ப?"

"எப்பன்னா? நான் இன்னா கடியாரமா கட்டினுகீறேன்? நீ இன்னாத்துக்கு மரமாட்டம் நிக்கிற? துன்னா குந்து, இல்லாகாட்டி நவுரு. பின்னால ஆளு கீது."

பதில் சொன்னவள் முகத்துக்காகக் குந்தினான். இரண்டு இட்லி, இருபது காசு. பாக்கி வசூலிக்கப் புறப்பட்டவன் கையிலிருந்து முதல் செலவு.

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு வடக்கே ஒரு சந்தில் சுந்தரராமன் மெஸ் இருந்தது. வாசலிலேயே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் சுந்தரராமன், முன்னால் டோக்கன் கட்டு. மாதச் சாப்பாட்டுக்காரர்கள் முதல் தேதியே முழுப்பணத்தையும் கட்டிவிடுவார்கள்; மற்றவர்கள் அப்போதைக்கப்போது டோக்கன் வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

"சாமி, புரோக்கர் கருணாகரன் உள்ள கீறாரா?"

"கருணாகரனா? நான் இப்பத்தான் குளிச்சுட்டு வந்து உக்காந்தேன். இருந்தாலும் இருப்பார், இல்லேன்னாலும் இப்ப வந்துடுவார்."

அய்யாதுரை வாசப்படியில் காலை வைத்தான். சுந்தரராமன் கையை நீட்டி மறித்தார்.

"டோக்கன்?"

"நான் சாப்ட வரல சாமி. பாத்துட்டு வந்துடுறேன்."

"பாக்கறதுக்கு இதென்ன எக்ஸிபிஷனா? போன வாரம் ஒருத்தன் இப்படித்தான், சிநேகிதனைப் பாக்கணும்னு உள்ளே போனான். மோர் சாதம் வரைக்கும் பாத்துட்டுத்தான் வெளியிலே வந்தான். டோக்கன் வாங்கிண்டா உள்ளே. இல்லேன்னா ரோடு இருக்கு."

ரோட்டில் நின்றால் சந்துக்கு இரண்டு வாய். எந்த வாய் வழியாக அந்த மனுஷன் நழுவுவார் என்று கண்டது யார்? ஒன்றேகால் ரூபாயை எண்ணி வைத்தான். சுந்தரராமன் டோக்கனைக் கிழித்தார். உள்ளே போய்ப் பந்தி முழுக்கக் கண்ணை ஓட்டினான். கருணாகரன் இல்லை. அப்படியே திரும்பி வந்தான்.

"அவரு இல்ல சாமி. துட்டத் திருப்பிக் குடுத்துடு."

"கிழிச்ச டோக்கன் கிழிச்சதுதான். போய் உக்காரு, சூடா சாம்பார் சாதம் விழறது."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். அதுவும் சுவரோரமாக, பந்தியின் நட்டநடுவில். இரண்டு பக்கமும் ஆள், எதிரே இன்னொரு வரிசை இலை. நடுவில் பரிமாறுகிறவர் கால் வைக்கிற அகலம்தான் இடம். சாம்பார் நல்ல சாம்பார்தான் போலிருக்கிறது, பக்கத்து ஆள் மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார். அய்யாதுரையின் கண் மட்டும் வாசலில் இருந்தது.

ரசத்துக்குக் குழி பறிக்கிற நேரம் வாசலில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. பக்கத்தில் பேண்ட் போட்ட ஒருத்தர், கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

"சார்! கருணாகரன் சார்!" என்று கத்தினான்.

கருணாகரன் எட்டிப் பார்த்தார். முகம் பூராவும் சிரிப்பு. "அடடே, அய்யாதுரையா! உக்காருப்பா உக்காரு. இலையை விட்டுப் பாதியில எழுந்திருக்கக் கூடாது. நிதானமாச் சாப்பிடு."

எழுந்தான். பரிமாறுகிறவர் ரச வாளியோடு குறுக்கே நின்றார். "எச்சக் கையோட எங்கே தாண்டறே? நாலு பேர் இலையை மிதிச்சுண்டா போவே? வரிசை எழுந்திருக்கட்டும், ஐயா."

பக்கத்தில் இருந்தவர் மோருக்கு இரண்டாம் தரம் சாதம் கேட்டார். அந்தப் பக்கத்து ஆள் ஊறுகாய் கேட்டார். அய்யாதுரை கையில் ரசம் காய்ந்துகொண்டிருந்தது. பசிக்குச் சாப்பிட உட்கார்ந்த நாளில் சாப்பாடு இப்படி இழுத்ததில்லை.

வரிசை எழுந்து, கையைக் கழுவி, வாசலுக்கு ஓடி வந்தால் சந்து காலி.

"போயிட்டாரே. அந்த பேண்ட்காரருக்கு இங்கே காத்து வரலையாம். மூக்கைச் சுளிச்சுண்டார். தி.நகர்லே ஒரு இடம் இருக்குன்னு அழைச்சுண்டு பஸ் ஏறிட்டார்" என்றார் சுந்தரராமன்.

"நான் உள்ள குந்திகினு கீறேன்னு தெரியுமில்ல? கொஞ்சம் நிறுத்தி வைக்கக் கூடாதா சாமி?"

"நான் மெஸ் நடத்தறேன், போலீஸ் ஸ்டேஷன் இல்லே. ரசம் எப்படி இருந்தது?"

அய்யாதுரை பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினான்.

தி.நகருக்குப் பஸ் ஏறினான். பதினைந்து காசு. பனகல் பார்க்கில் இறங்கி, ஜவுளிக்கடைகளின் பின்பக்கச் சந்தில் நுழைந்தான். அங்கே மாடியில் இசக்கியம்மாள் சாப்பாடு போடுகிறாள் என்பது லோடு இழுக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கடைகளில் துணி கிழிக்கிற ஊர்ப்பிள்ளைகள் அவ்வளவு பேரும் அவளிடம்தான் மதியச் சாப்பாடு. படி ஏறும்போதே மீன் குழம்பு வாசனை வந்தது.

இங்கேயாவது டோக்கன் இல்லை. ஆனால் ஆளும் இல்லை.

"கருணாகரனா? இப்பத்தானே வந்தாவ, வந்த சூட்டுல போனாவ. கூட வந்த ஆளு மீன் வாசனையப் பிடிச்சிட்டு, 'ஏசி கிடையாதா'ன்னு கேக்காரு. ஏசியாம் ஏசி. நான் இந்த அடுப்புக்கு முன்னால நின்னு அவிஞ்சிக்கிட்டு இருக்கேன். நீங்க யாரு தம்பி? உங்களுக்கும் பாக்கியா?" என்றாள் இசக்கியம்மாள்.

"ஆமாங்க. வண்டிக்கூலி. பதிமூணு எழுபது."

"எனக்கு எட்டு ரூவா. உக்காருங்க. சாப்பிட வேண்டாம், மோராவது குடிங்க. வெயிலு மண்டையப் பொளக்குது." சொம்பை நீட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அந்த மனுசரு ஒரு கணக்கு வச்சிருக்காவ, தெரியுமா? வீடு தேடி வாரவன் வாடகை அம்பதுன்னு சொன்னா, பிளாட்பாரத்து இட்லி வாங்கிக் குடுப்பாவ. நூறுன்னா அந்த அய்யரு மெஸ்ஸு. நூத்தம்பதுன்னா என் மீன் குழம்பு. அதுக்கு மேல போச்சுன்னா அடையாத்துல கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டலு. உக்கார வச்சி வாய்க்கு ருசியாப் போட்டாத்தான் வீடு படியுமாம். 'வயித்தெரிச்சலோட எவனும் அட்வான்ஸு குடுக்க மாட்டான்'னு என்கிட்டயே சொல்லுதாவ."

"வீடு படியுதா?"

"எங்கே படியுது! தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போறான். பத்துப் பேருக்குப் போட்டா ஒருத்தன் குடிவாரான்."

அய்யாதுரை மோரை வைத்துவிட்டு யோசித்தான். ஆக, அம்மிக்கல் தூக்கின கூலி இப்போது எவனெவன் வயிற்றில் இருக்கிறதோ. காலையில் ஆறாறு இட்லி தின்ற இரண்டு பேர் முகமும் அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன, வயிற்றைப் பிடித்துக் குலுக்கவா முடியும்?

"இப்ப கூட்டிட்டுப் போன ஆளு நூறுல ஆரம்பிச்சி, முந்நூறு ரூவா வீட்டுக்கு ஏறிட்டாராம்" என்றாள் இசக்கியம்மாள். "டாக்சி பிடிச்சிப் போறாவ. போய்ப் பிடிங்க. பிடிச்சா என் எட்டு ரூவாயையும் ஞாபகப்படுத்துங்க."

அவர்கள் டாக்சியில். இவன் பஸ்ஸில், படியில் தொங்கிக்கொண்டு. இருபது காசு. சைதாப்பேட்டையில் பஸ் நின்ற நிற்பில் கண்டக்டரும் டிரைவரும் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார்கள். ஊரே வயிற்றை நிரப்புவதற்கென்று கிளம்பி இருக்கிற மாதிரி தோன்றியது அய்யாதுரைக்கு. தங்கம் இந்நேரம் க்யூவில் நின்றிருப்பாள்.

அடையாறு ஓட்டல் வாசலில் தலைப்பாகை கட்டின காவல்காரன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மங்கலான வெளிச்சத்தில், அதே வெள்ளைச் சட்டை. எதிரில் பேண்ட்காரர் முறுகலான தோசையை ஓர் ஓரமாகப் பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐஸ்கிரீம் கிண்ணம் வேறு.

"எங்க போற? ஏசி ரூமுக்கு வெறுங்காலோட போகக் கூடாது" என்று தடுத்தான் காவல்காரன். "செருப்பு போட்டுக்கினுதான் போவணும்."

அய்யாதுரைக்குப் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது. "கோயில்ல கழட்டுன்றான், இங்க மாட்டுன்றான். மயிலாப்பூர்ல டோக்கன்றான், நடுவுல எழுந்துக்காதன்றான். ஏம்பா, நான் துன்ன வர்ல, ஒரு வாய் தண்ணி கூட வாணாம். அதோ குந்தினுகீறாரே வெள்ளைச் சட்ட, அவரு எனக்குத் துட்டு தரணும். அரிசி வாங்கணும். கடை அஞ்சு மணிக்குச் சாத்திடுவான்."

காவல்காரன் உள்ளே ஒரு தரம் பார்த்தான். "பாக்கியா? எவ்ளோ?"

"பதிமூணு எழுபது."

அவன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றிக் காலால் தள்ளினான். "மாட்டினு போ. முதலாளி வர்றதுக்குள்ள வந்துடு, வாத்யாரே."

செருப்பு இரண்டு விரற்கடை பெரிது. இழுத்து இழுத்து நடந்து, கருணாகரனுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான். குளிர் முதுகில் ஏறியது.

கருணாகரன் அசரவில்லை. "வாப்பா வா! சார், இவர்தான் நம்ம டிரான்ஸ்போர்ட். வீடு முடிஞ்சா உங்க சாமான் பூராவும் இவர் பொறுப்பு. ஒரு கீறல் விழாது."

பேண்ட்காரர் அய்யாதுரையை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க மிஸ்டர், அடையாறு வேண்டாம்னு தோணுது. தண்ணி உப்பா இருக்காம். நுங்கம்பாக்கத்துல என் மச்சினன் ஒரு வீடு சொல்லியிருக்கான். யோசிச்சுச் சொல்றேன்." எழுந்து போய்விட்டார். கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மேஜையில் தோசைத் தட்டு, ஐஸ்கிரீம் கிண்ணம், காபி டம்ளர் எல்லாம் அவர் பக்கமே இருந்தன. கருணாகரன் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

பில் வந்தது. ஏழு ரூபாய் இருபத்தைந்து காசு. கருணாகரன் சட்டைப் பையைத் துழாவினார், மடியை அவிழ்த்துப் பார்த்தார். ஆறு ரூபாய் சேர்ந்தது. மெதுவாக அய்யாதுரை பக்கம் திரும்பினார்.

"அய்யாதுரை, உன்கிட்ட ஒண்ணேகால் இருக்குமா?"

அய்யாதுரை அவரையே பார்த்தான். இந்த நாக்கு எப்படித்தான் புரள்கிறது என்று பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"காலீலேர்ந்து உன் பின்னால நாய் மாரி சுத்தினு வந்துகீறேன். என்கிட்டயே கேக்குறியா சார்?"

"உனக்குத் தரவேண்டியதோட சேர்த்துக்கப்பா. இங்க மானம் போனா அடையாறு பக்கமே அப்புறம் நான் தலைகாட்ட முடியாது. உன் பணமும் போயிடும் பாரு."

அது உண்மையாக இருந்துதான் தொலைந்தது. மிச்சம் இருந்த ஒன்று அறுபதையும் மேஜையில் வைத்தான். ஒன்றேகாலை எடுத்துப் பில்லோடு சேர்த்த கருணாகரன், மீதியில் ஒரு நாலணாவை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அது இன்னாத்துக்கு?"

"டிப்ஸ். வைக்காம எழுந்தா நாளைக்கு சர்வர் என்னை மதிக்க மாட்டான்."

கையில் பத்துக் காசு. பஸ்ஸுக்கு வழியில்லை. காவல்காரனிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் தார் ரோடு வெறுங்காலைச் சுட்டது. இரண்டு பேரும் அடையாறு பாலத்தின் மேல் நடந்தார்கள். அய்யாதுரை முன்னால், கருணாகரன் நாலடி பின்னால். காற்று மட்டும் நன்றாக அடித்தது, அதற்கு யாரும் பில் போடவில்லை.

"நான் தின்னு அழிச்சேன்னு நினைக்கிறியா?" என்றார் கருணாகரன். "காலையிலேர்ந்து நான் ஒரு வாய் சோறு தின்னல. வர்றவனுக்கு வாங்கித் தர்றதுக்கே சரியாப் போகுது."

"நீ துன்னாம இருந்தா என் துட்டு வந்துடுமா? துன்னவன் எவனோ, தூக்கினவன் நானு. என் பொண்டாட்டி அங்க கார்ட வச்சிகினு நின்னுனு கீறா."

பாலம் இறங்கினதும் கருணாகரன் குடையைக் கக்கம் மாற்றிக்கொண்டார். பிறகு இருமிக்கொண்டு சொன்னார்: "சுந்தரராமன் எனக்குப் பதினஞ்சு ரூபாய் தரணும். மெஸ் மாடிக்குக் குடித்தனம் பிடிச்சுக் கொடுத்த கமிஷன். காசா தரமாட்டார். முதல் தேதி வாங்கின பணம் மாசக் கடைசியில அவர்கிட்ட எங்கே இருக்கு? சாப்பாடா கழிச்சுக்கோன்னுட்டார். ராத்திரிச் சாப்பாட்டை அதுலதான் ஓட்டலாம்னு வச்சிருந்தேன்."

"அத வச்சி நான் இன்னா பண்ண?"

"எடுப்புச் சாப்பாடா வாங்கிக்கோ. கேரியர்ல சோறு, குழம்பு, ரசம், கறி எல்லாம் கட்டிக் கொடுப்பார். ஒரு எடுப்பு ரெண்டரை ரூபாய். ஒண்ணு வாங்கினா மூணு பேர் தாராளமாச் சாப்பிடலாம். ஆறு எடுப்பு, பதினஞ்சு ரூபாய். உன் பதிமூணு எழுபது, இப்ப கொடுத்த ஒண்ணேகால், பதினாலு தொண்ணூத்தஞ்சு. கணக்குப் பார்த்தா நீதான் எனக்கு அஞ்சு காசு தரணும்."

அந்த நாலணாவை இவன் தலையில் எழுதிவிட்டுத்தான் அந்தக் கணக்கு. அய்யாதுரை நின்றான். அடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். உடம்பில் அதற்குக்கூடத் தெம்பில்லை. நடந்தான்.

மந்தைவெளி ரேஷன் கடை சாத்தியிருந்தது. படியில் தங்கம் உட்கார்ந்திருந்தாள், மடியில் காலிப் பை. இவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, பின்னால் வந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும்தான் எழுந்தாள்.

"வாய்யா மகராசா! நீதானா ஊருக்கெல்லாம் விருந்து வைக்கிற தர்மப் பிரபு? என் முறை ரெண்டு தபா வந்துச்சி. ரெண்டு தபாவும் 'என் ஊட்டுக்காரர் வந்துனே கீறாரு'ன்னு பின்னால இருந்தவங்களை முன்னால உட்டேன். கடைக்காரன் சிரிக்கிறான். ஒரு வாரத்து அரிசி, மண்ணாப் போச்சி."

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. எடுப்புச் சாப்பாடு..." என்று ஆரம்பித்தார் கருணாகரன். நடந்ததை அய்யாதுரையும் பாதி, அவரும் பாதியாகச் சொன்னார்கள்.

தங்கம் கேட்டுக்கொண்டாள். "அடுக்குக் கேரியருக்கு நான் எங்க போவேன்? அப்டியே எவகிட்டயாவது கேட்டு வாங்கினாலும், ஒரு எடுப்பு ஒரு வேளைக்கு. மிச்ச வேளைக்கு? ஆறு நாள் கறி கூட்டுன்னு துன்னுட்டு ஏழாம் நாளு பசங்க கஞ்சியப் பாத்து மூஞ்சியத் திருப்பும். அந்த மெஸ்ஸு எங்க கீது? நட."

கருணாகரன் வழி காட்ட, தங்கம் நடுவில் நடக்க, அய்யாதுரை காலை இழுத்துக்கொண்டு கடைசியில் வந்தான். மத்தியானம் எந்தச் சந்திலிருந்து புறப்பட்டானோ அங்கேயே திரும்பி வருவதற்கு தி.நகர், அடையாறு என்று இத்தனை சுற்று.

மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. சுந்தரராமன் மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்ன, மறுபடியும் பாக்க வந்தியா? டோக்கன்."

"டோக்கன் கெடக்கட்டும் சாமி" என்று முன்னால் வந்தாள் தங்கம். "இவருக்கு நீ தரவேண்டிய பதினஞ்சு ரூபா சாப்பாடு இனிமே எங்களுது. சரிதானே?"

சுந்தரராமன் கருணாகரனைப் பார்த்தார். கருணாகரன் தலையாட்டினார், குடையைப் பார்த்துக்கொண்டே.

"பேஷா. ஆறு எடுப்பு. கேரியர் கொண்டு வந்திருக்கியா?"

"எடுப்பு வாணாம். குழம்பு வாணாம், ரசம் வாணாம், கறி, கூட்டு, அப்பளம் ஒண்ணும் வாணாம். வெறகு உனக்கு மிச்சம், எண்ணெ மிச்சம். அரிசியா குடுத்துடு."

"ஏம்மா, இது மெஸ். அரிசி மண்டி இல்லே. நாளைக்கு ஊர்லே இருக்கிறவாள்ளாம் பையைத் தூக்கிண்டு வந்து நின்னா?"

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நீ பாக்கி வச்சிருந்தா வருவாங்கதான். வச்சிருக்கியா?"

பந்தியில் யாரோ சிரித்தார்கள். சுந்தரராமன் கல்லாப்பெட்டியை இழுத்துப் பார்த்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். சமைத்துக் கொடுப்பதைவிட இதில் தனக்கு நஷ்டமில்லை என்று தெரிந்திருக்க வேண்டும், முகம் கொஞ்சம் தெளிந்தது.

"நாலு படி தரேன்."

"எட்டு."

"எட்டா! அம்மா, நீ என்னை இந்த மேஜையிலேர்ந்து கிளப்பிட்டு நீயே உக்காந்துக்கோ. அஞ்சு."

"மத்தியானம் எங்க ஊட்டுக்காரர் கிட்ட ஒண்ணேகால் ரூபா வாங்கினு, நடுப்பந்தியில கட்டிப் போட்டு வச்சதுக்கு?"

"அவர் வயிறாரச் சாப்பிட்டார், அம்மா!"

"ரசத்துக்கு அப்பால ஒண்ணும் துன்னலயாம். ஏழு."

"ஆறு. இதுக்கு மேலே ஒரு மணி கிடையாது. வெளியிலே யார்கிட்டேயும் மூச்சு விடப்படாது."

"என் பதினஞ்சு ரூபாய் வெறும் ஆறு படி அரிசிதானா?" என்று கருணாகரன் குறுக்கே வந்தார்.

"நீ சும்மா இரு" என்றாள் தங்கம். "நீர் சும்மா இரும்" என்றார் சுந்தரராமன், அதே மூச்சில்.

உள்ளேயிருந்து மூட்டை வந்தது, மரப்படி வந்தது. தங்கம் பையை விரித்துப் பிடித்தாள். ஐந்து படி சளசளவென்று விழுந்தது. ஆறாவது படியைச் சுந்தரராமன் உள்ளங்கையால் வழித்துத் தலை தட்டப் போனார்.

"தட்டாத சாமி. கடைசிப் படி, கும்பமாப் போடு."

அவர் பெருமூச்சு விட்டு, வழித்த கையாலேயே ஒரு பிடி அள்ளி மேலே போட்டார். "போறுமா? இப்ப மூணு பேரும் என் எதிரிலே வாயைத் திறந்து சொல்லிடுங்கோ, தீந்ததுன்னு. நாளைக்கு இந்தப் பதினஞ்சு ரூபாய்க்காக ஒருத்தரும் இங்கே வந்து நிக்கப்படாது."

"தீந்தது" என்றார் கருணாகரன். அவர் கண் பந்தியில் பரிமாறுகிற சாதத்தின் மேல் இருந்தது.

"தீந்துச்சி" என்றாள் தங்கம், பையின் வாயை இறுக்கி முடிந்துகொண்டே.

"நீ?" என்றார் சுந்தரராமன்.

அய்யாதுரை பையைத் தூக்கித் தோளில் வைத்தான். இரண்டு இட்லி, பாதிச் சாப்பாடு, ஒரு சொம்பு மோர், அடையாறு வரைக்கும் பஸ், எவனோ ஒருத்தனுக்கு வைத்த டிப்ஸ். அதையெல்லாம் எவன் கணக்கில் எழுதுவது? கேட்டால் அதற்கும் ஒரு வழக்கு, அதற்கும் ஒரு நடை.

"தீந்துச்சி சாமி, தீந்துச்சி!" என்று அவன் போட்ட கத்தலில், பந்தியில் இருந்தவர்கள் கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தார்கள்.